கை வைக்க ஒரு காரணம்

"நீ பொம்பளைதானே? நீ தொட்டா கேஸ் ஆகாது. இழுத்துக் கீழ கொண்டு போ!" என்று கதவிடுக்கிலிருந்து செக்யூரிட்டி அக்காவைப் பார்த்து மாமியார் கத்தினாள்.

வாசற்படியில் மருமகள் உட்கார்ந்திருந்தாள். கணவன் இறந்து ஒரு மாதம். அவனுடைய இறப்புச் சான்றிதழை வாங்க அவள் காலையில் வெளியே போயிருந்தாள். திரும்புவதற்குள் பூட்டை மாற்றிவிட்டார்கள். அவளுடைய துணிமணி ஒரு பையில் வெளியே கிடந்தது.

செக்யூரிட்டி அக்காவுக்குக் கால் கடுத்தது. லிஃப்ட் ஓடாததால் நாலு மாடி ஏறி வந்திருந்தாள். வேலை முடிய இன்னும் அரை மணி நேரம். அடுத்தவர் வீட்டுச் சண்டையில் தலையைக் கொடுக்காதே என்று அவள் புருஷன் நூறு தடவை சொல்லியிருந்தான்.

"இவங்க யாரையாவது அடிச்சாங்களாம்மா?"

"இல்ல."

"எதையாவது உடைச்சாங்களா?"

"வாசல்ல உக்காந்து மானத்த வாங்குறாளே, போதாதா? என் புள்ளையே போயிட்டான், இவளுக்கு இங்க என்ன வேலை?"

"அதுக்கெல்லாம் நான் கை வைக்கக் கூடாதும்மா. பேசித்தான் பார்க்கணும்."

"சம்பளம் குடுக்கறது நாங்க!" என்று இளைய மகன் வெளியே பாய்ந்தான். அண்ணியின் கையைப் பிடித்து இழுத்ததில் அவள் படியில் சரிந்தாள்.

அக்கா குறுக்கே புகுந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். முறுக்கவில்லை, அடிக்கவில்லை. அவன் விட்டதும் தானும் விட்டாள். இருவருக்கும் நடுவில் நின்றபடியே போலீசுக்கு போன் போட்டாள்.

போலீஸ் வந்த பிறகுதான் கதவு முழுதாகத் திறந்தது. மருமகள் பையைத் தூக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனாள்.

மறுநாள் சூப்பர்வைசர் ஒரு தாளை நீட்டினார். "'குடியிருக்கறவர் மேல கை வெச்சது தப்பு, மன்னிச்சிடுங்க'ன்னு எழுதிக் குடும்மா. வேலை தப்பிக்கும்."

"அந்தப் பொண்ண இழுத்திருந்தா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "இந்தப் பேச்சே வந்திருக்காது."

"அவங்களும் அங்க குடியிருக்கறவங்கதானே சார்?"

அவர் பேனாவை நீட்டினார். அக்கா பேனாவை வாங்கி நடந்ததை நடந்தபடி எழுதினாள்: யார் யாரை இழுத்தது, தான் எங்கே பிடித்தது, எப்போது விட்டது. மன்னிப்பு என்ற சொல் மட்டும் அதில் இல்லை.

படித்துவிட்டு அவர் பெருமூச்சு விட்டார். "இதைக் குடுத்தா உன்ன வெச்சுக்க மாட்டாங்களே."

"தெரியும் சார்," என்றாள் அவள். "ஒரு காப்பி மட்டும் எடுத்துக் குடுங்க. அந்தப் பொண்ணு கேஸ் போட்டா சாட்சிக்கு வேணும்."