ஒரே பெயர் சொன்னால்தான் விசில்

கோவில்பட்டியிலிருந்து நெல்லை போகும் பஸ், ஒருநாள் கிரிக்கெட்டில் எல்லாக் காலத்துக்கும் பெரிய பேட்ஸ்மேன் யார் என்பதில் ஏறியவர்கள் அத்தனை பேரும் ஒத்துப்போனால்தான் கிளம்பும். மதுரை பஸ்ஸுக்கு டெஸ்ட் பந்துவீச்சாளர். அதில் கூட்டம் கம்மி.

கொம்பையா ஏறி உட்கார்ந்தபோது, அவன் மனைவி மாரிச்செல்விக்கு நெல்லை ஆஸ்பத்திரியில் வலி எடுத்திருந்தது. தலைப்பிள்ளை. பிறக்கும்போது பக்கத்தில் இருப்பேன் என்று சத்தியம் பண்ணியிருந்தான்.

கண்டக்டர் ஆவுடையப்பன் சீட்டு சீட்டாகக் கேட்டுக்கொண்டு வந்தார். எல்லோரும் டிமெல்லோ என்றார்கள். ஆறாவதாக இறங்கி, கடைசி ஓவர் வரை நின்று ஜெயிக்கவைக்கும் இடதுகைக்காரர். பூக்கூடையோடு வந்த அம்மாள்கூட வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு டிமெல்லோ என்றாள்.

கொம்பையாவுக்குச் சுருக்கென்றது. அவனுக்கு என்றைக்கும் ஜெயவந்த்தான். முதல் ஆளாக இறங்கி நூறு நூறாகக் குவித்த மனுஷன். மாரிச்செல்வி டிமெல்லோ கட்சி. இந்தச் சண்டையில் வீட்டில் எத்தனை நாள் சோறு ஆறிப்போயிருக்கிறது!

"டிமெல்லோ" என்றான், அவசரத்துக்கு. டிரைவர் சாவியைத் திருகினார். என்ஜின் இருமிவிட்டு அணைந்தது.

"மனசாரச் சொல்லணும் அண்ணாச்சி. வண்டிக்குத் தெரிஞ்சுபோகும்" என்றார் கண்டக்டர்.

அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இறங்கி ஓட, நெல்லை என்ன கூப்பிடு தூரத்திலா இருக்கிறது? டிமெல்லோவின் சிக்ஸர்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். ம்ஹூம். ஜெயவந்தின் கவர் டிரைவ் குறுக்கே வந்து விழுந்தது. "சீக்கிரம் மாறுங்கய்யா, பூ வாடுதுல்லா" என்று பின்னாலிருந்து சலித்துக்கொண்டாள் பூக்கார அம்மாள்.

போன் அடித்தது. மாரிச்செல்விக்கு மூச்சு வாங்கியது.

"பஸ் கெளம்பிட்டா?"

"இல்ல. ஜெயவந்த் மனச விட்டுப் போகமாட்டேங்காரு."

"நல்லா இருப்பாரு ஒங்க ஜெயவந்த்! நூறு அடிச்சிட்டு உள்ள போயி காலை நீட்டிக்கிடுவாரு. கடைசில ஒத்தையில நின்னு மல்லுக்கட்டுறது யாரு?"

பேச்சு பாதியில் நின்று, பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்டது. அவள் அங்கே ஒற்றை ஆளாக நிற்கிறாள், நான் இங்கே ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறேன் என்று கொம்பையாவுக்கு உறைத்தது. கண் கலங்கிவிட்டது. "டிமெல்லோதான்" என்றான். பஸ் உறுமிக்கொண்டு கிளம்பியது.

வார்டு வாசலில் நர்ஸ் காத்திருந்தாள். "குழந்தை ரெடியாத்தான் இருக்கு. அப்பாவும் அம்மாவும் ஒரே பேரைச் சொன்னா வந்துரும்."

"டிமெல்லோ" என்றான் கொம்பையா.

"ஜெயவந்த்" என்றாள் உள்ளே கட்டிலில் கிடந்த மாரிச்செல்வி. "மொத ஆளா எறங்குறது எம்புட்டுப் பாடுன்னு இன்னைக்குத்தான தெரிஞ்சுது. மனசார மாறிட்டேன்."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இனி இருவராலும் திரும்பி மாற முடியாது. வலி மட்டும் மாறி மாறி வந்துகொண்டிருந்தது. திரைக்கு அந்தப் பக்கக் கட்டிலில் இன்னொரு பிள்ளைத்தாச்சியும் முனகிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் வயிற்றுக்குள்ளிருந்து குழந்தை, "செண்பகவள்ளி" என்றது.

கொம்பையாவும் மாரிச்செல்வியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதல் தடவையாகப் பிள்ளை வாய் திறந்து சொன்னது. "செண்பகவள்ளி" என்றார்கள் இருவரும், மனசார.

"அவ எந்த டீம்?" என்று கேட்டான் கொம்பையா.

"இந்தா இருக்கேன், இன்னும் எறங்கல" என்றது அடுத்த கட்டில்காரியின் வயிறு.

நர்ஸ் நடுவிலிருந்த திரையை ஒதுக்கிவிட்டாள்.