எடைக்கு எடை வெல்லம்

ஏழுக்கு அப்புறம் ஒன்பது. அம்மாவின் எண்ணிக்கை அப்படித்தான். ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன் இரண்டில் மணலை நிரப்பி, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடியில் நான் உட்கார்ந்து உட்கார்ந்து எழ வேண்டும். தண்ணீர்த் தொட்டி நிழலில் அமர்ந்து அம்மா எண்ணுவாள். "ஆறு, ஏழு, ஒம்போது, பத்து. போதும் வா, காபி ஆறுது." முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டேன். கேட்டதற்கு, "எட்டு வர்றப்ப உன் மூஞ்சி கோணிக்கினு போவுதுடி, பாக்க சகிக்கல" என்றாள். நானும் திருத்தவில்லை. ஒன்று குறைந்தால் எனக்கென்ன நஷ்டம்.

போன வருஷம் தை மாதம் எனக்கு ஆபரேஷன் நடந்தது. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் இரைப்பையை வெட்டி ஒரு வாழைப்பழம் அளவுக்கு ஆக்கினார்கள். நூற்று நாற்பத்தொரு கிலோவில் போனவள், ஒரே வருஷத்தில் தொண்ணூற்றேழுக்கு வந்துவிட்டேன். கேட்கிறவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். பிளக்கட்டும். ஒரு இட்லியை அரைமணி நேரம் மென்றது நான். சீப்போடு கொத்துக் கொத்தாக வந்த முடியைச் சுருட்டிப் போட்டதும் நான். நான் வேலை பார்க்கும் பட்டுக்கடையில் சேலையைப் பிரித்துத் தோளில் போட்டுக் காட்டும்போது, வாடிக்கையாக வரும் அம்மாமார்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உடம்புக்கு ஏதாச்சும் பெரிசாம்மா?" என்று கேட்பார்கள். சர்க்கரை என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். உண்மையில் சர்க்கரை அம்மாவுக்கு.

தொண்ணூற்றேழில் வந்து நின்றது நின்றதுதான். இரண்டு மாதமாக ஒரு கிலோ இறங்கவில்லை. "நடந்தா மட்டும் பத்தாது மேடம், வெயிட் தூக்கணும். இல்லேன்னா சதை கரைஞ்சி எழுந்து நிக்கவே தெம்பு இருக்காது" என்று பிசியோதெரபிப் பெண் சொன்னாள். அதனால்தான் எண்ணெய்க் கேன். அதற்கு முன்னால் நடை. ஐந்தரை மணிக்கு வீட்டை விட்டு இறங்கி, ஏனாத்தூர் ரோட்டில் காலேஜ் கேட் வரை போய்த் திரும்பினால் நாலு கிலோமீட்டர். அதற்கப்புறம் பஸ் பிடித்து ஊருக்குள் போய்ப் பத்து மணி நேரம் கடையில் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் படுத்தே கிடக்கலாம் என்றால், கண்ணை மூடினால் அந்தத் தொண்ணூற்றேழுதான் தெரியும்.

எனக்குத் தொண்ணூறுக்குக் கீழே போக வேண்டியிருந்தது. டாக்டருக்காக இல்லை, பச்சையம்மனுக்காக. ஆபரேஷனுக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனபோது அம்மா வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டாளாம்: என் பெண் கண் திறந்தால் எடைக்கு எடை வெல்லம், துலாபாரம். மூன்றாம் நாள் என்னிடம் சொன்னாள். கோயிலில், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பார்க்க, நான் தராசுத் தட்டில் ஏறி உட்கார வேண்டும். "செய்யலாம்மா, தொண்ணூறுக்குக் கீழ வந்துடறேன்" என்றேன். ஆறாம் வகுப்பு படிக்கும்போது, வேர்க்கடலைக் களத்தில் மல்லாட்டை மூட்டை நிறுக்கிற தராசில் வெங்கடேசன் மாமா என்னைத் தூக்கி உட்கார வைத்து, "அறுவத்தி ரெண்டு! மூட்டையைவிட அதிகம்டா!" என்று கத்தினார். விளையாட்டாகத்தான் கத்தினார். கூலிக்கு வந்த பெண்கள்கூட இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு வயது முப்பத்தெட்டு ஆகிறது, அந்தச் சிரிப்பு இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. அதே மாமாதான் வெல்லம் வாங்கிப் போடுவதாக இருந்தார். மாதாமாதம் போன் செய்து, "எப்ப வெச்சிக்கலாம் சத்யா?" என்பார். அடுத்த மாதம் என்பேன்.

நடக்கப் போகும்போது அம்மாவும் கூட வருவாள். நாய்த் தொல்லை, நீ தனியாகப் போகாதே என்பாள். நான் மூன்று மாதம் யோசித்து வாங்கிய நாலாயிரம் ரூபாய் ஷூவில் முன்னால் போவேன், அவள் வெறுங்காலோடு பின்னால் வருவாள். செருப்பு எங்கே என்று ஒரு தடவை கேட்டேன். வார் அறுந்துவிட்டது என்றாள். இன்னொரு தடவை கேட்டபோது, "செருப்பு போட்டா முட்டி வலிக்குதுடி" என்றாள். சரி என்று விட்டுவிட்டேன்.

பங்குனி பிறந்து நாலைந்து நாள் இருக்கும். மாடியில் கேன்களைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, படியிலிருந்து தொட்டி வரை சிமெண்டுத் தரையில் வட்ட வட்டமாகக் கறை தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன். ரத்தம். அம்மாவின் காலைத் தூக்கிப் பார்த்தால், பெருவிரலுக்குக் கீழே வேலிக்காத்தான் முள் ஒடிந்து உள்ளேயே இருந்தது, சுற்றிலும் கறுத்துச் சீழ் வைத்திருந்தது. "வலிக்கலியே" என்றாள். சர்க்கரைக் கால், எப்படி வலிக்கும்?

சீழை வழித்துக் கட்டுப் போட்ட டாக்டர், இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் விரலை எடுத்திருக்க வேண்டும் என்றார். சர்க்கரைக்காரர் வெறுங்காலோடு திரியலாமா என்று அவர் அதட்டவும், அம்மா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "துலாபாரம் முடியற வரைக்கும் செருப்பு போட மாட்டேன்னு அம்மன் கையில சொல்லிட்டேன் சார்."

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கத்தினேன்.

"நீயே ஓஞ்சி போயி வர்ற. இது வேறயா உனக்கு?"

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முதலில் அம்மா மேல், பிறகு அந்த அம்மன் மேல், கடைசியில் குனிந்து என் ஷூவைப் பார்த்தபோது என் மேல். பதினான்கு மாதம். நான் ஒவ்வொரு தடவை "அடுத்த மாசம்" என்றதற்கும் அவள் முப்பது நாள் வெறுங்காலோடு நடந்திருக்கிறாள். அங்கேயே, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று மாமாவுக்குப் போன் போட்டேன். "வர்ற வெள்ளிக்கிழமையே வெச்சிக்கலாம் மாமா."

"இன்னும் ஏழு கிலோ இருக்குதேடி" என்றாள் அம்மா.

"இருந்துட்டுப் போவட்டும்."

வெள்ளிக்கிழமை, கோயில் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் அம்மா காலைத் தரையில் ஊன்றப் போனாள். கால் ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்காக வாங்கிய புதுச் செருப்பு அட்டைப்பெட்டியோடு ஆட்டோ சீட்டில் இருந்தது. நான் முதுகைக் காட்டிக் குந்தினேன். "ஏறு."

"ஐயே, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். ஏறும்மா."

உப்புமூட்டை ஏறிக்கொண்டாள். நான் இறக்கிவைத்த எடையும் அவள் எடையும் ஏறக்குறைய ஒன்றுதான். தொடை நடுங்கியது, ஆனால் எழுந்துவிட்டேன். கொடிமரத்தைத் தாண்டி மண்டபம் வரை நிற்காமல் நடந்து, தராசுக்குப் பக்கத்தில் அவளை இறக்கி உட்கார வைத்தேன். உள்ளுக்குள் ஒன்றுமே மிச்சமில்லாத மாதிரி ஓர் அசதி. வெட்கப்படக்கூடத் தெம்பில்லை. போய்த் தட்டில் உட்கார்ந்தேன்.

மாமா எதிர்த் தட்டில் மூன்று சிப்பம் வெல்லத்தை ஏற்றினார். சிப்பத்துக்கு முப்பது கிலோ. அதற்குமேல் ஒவ்வொரு கிலோவாக அவர் வைக்க வைக்க அம்மா எண்ணினாள். அஞ்சு. ஆறு. ஏழு. இத்தோடு தட்டு எழ வேண்டும். எழவில்லை. அப்போதுதான் உறைத்தது. வீட்டு மெஷினில் நைட்டியோடு ஏறி நின்றவள், இங்கே அம்மாவின் பிடிவாதத்துக்காக ஜரிகை கனத்த பட்டைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. அடுத்த வெல்லத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தார்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள், மாடியில் பார்க்கிற அதே பார்வை. உதடு 'ஒம்போது' சொல்லக் குவிந்து மூடியது. பிறகு சந்நிதிப் பக்கம் திரும்பிக்கொண்டு உரக்கச் சொன்னாள்.

"எட்டு."

மாமா வைத்தார். சங்கிலி கிறீச்சிட்டது. என் குதிகால் தரையைவிட்டு எழும்பியது, பிறகு விரல்களும். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா, கூட்டத்துக்கு நடுவே கழுத்தை எக்கி, வாசலில் செருப்புப் பெட்டியோடு ஆட்டோ நிற்கிறதா என்று பார்த்தாள்.