தங்கை இறங்கிய இடம்

மார்ச் 14

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஒரு சிறிய தவறு செய்தேன்: பந்தைப் பார்த்தேன்.

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடைப்பந்து நடுவர்களுக்கான மாலை வகுப்பில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. விசில் ஊதிய ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும், எடுத்த முடிவு ஒன்றைப் பற்றி அரைப்பக்கம் எழுத வேண்டும், பார்த்ததை மட்டும். இந்த வாரம் என் அரைப்பக்கம் நான்கு பக்கமாகிவிட்டது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பார்த்தது குறைவாக இருக்கும்போதுதான் எனக்கு எழுத்து நீள்கிறது.

2

முதல் தொடக்கம்: “மூன்றாம் கால்பகுதி முடிய நாற்பது நொடி இருக்கையில் தங்கை தாவி எறிந்தாள். எதிரணியில் அவளைத் தடுத்துநின்ற அவள் அக்காவின் வலது பாதம் மெல்ல முன்னே நகர்ந்து

நிறுத்துகிறேன். ‘மெல்ல’ என்று எழுதியது யார்? அந்தப் பாதத்தை நான் பார்க்கவே இல்லை.

இரண்டாம் தொடக்கம்: “தங்கை தாவினாள். அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள்.” இதையும் பார்க்கவில்லை.

மூன்றாவது: “தங்கை தாவினாள். பந்து வளையத்தில் படாமல் உள்ளே இறங்கியது.” இது உண்மை. என் குற்றமும் இதில்தான் இருக்கிறது.

(விளையாட்டுத் தெரியாதவர்களுக்கு: தாவி எறிகிறவர் இறங்கும் இடமும் அவருக்கே சொந்தம். அவர் காற்றில் இருக்கும்போது எதிரணிக்காரர் அங்கே கால் வைத்தால் அது ஃபவுல். முன்பே அங்கே நின்றவர்மேல் எறிந்தவரே போய் விழுந்தால் அது வேறு கதை. ஆகவே அவருடைய இரண்டு பாதமும் தரையைத் தொடும்வரை நடுவரின் கண் அவரைவிட்டு நகரக்கூடாது. முதல் வாரமே சொல்லிக்கொடுத்தார்கள். குறிப்பேட்டில் இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறேன்.)

3

தங்கை மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறார், மருத்துவமனை அணி. அக்கா பேருந்து ஓட்டுநர், பணிமனை அணி. ஒரே வீட்டில் அக்கா கீழே, தங்கை மாடியில்.

[ஒரு வரைவில் அக்காவைப் பொறாமைக்காரி ஆக்கினேன். தங்கைக்கு அணித்தலைவி பதவி, அக்காவுக்கு மூட்டுவலி. கதை ஜோராக ஓடியது. அடித்துவிட்டேன். மூட்டுவலி மட்டும் நிஜம்.]

கைத்தட்டல் கேட்டுத் திரும்பியபோது தங்கை கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். அக்கா அவர்மேல் குனிந்திருந்தார். ஊதினேன். விழுந்து கிடந்ததைப் பார்த்து ஊதினேன். விழுந்ததைப் பார்த்து அல்ல. அக்காவின் சட்டை எண்ணை விரல்களால் காட்டினேன்: ஏழு.

ஸ்கோர் எழுதுகிறவர் நிமிர்ந்தார். “பந்து உள்ள போனதை நாங்க பார்த்துக்கிட்டோம் நடுவரே. நீங்க எதைப் பார்த்தீங்க?”

எல்லா ஆட்டத்திலும் அவர் செய்கிற கேலிதான். நானும் சிரித்துவைத்தேன்.

கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

4

நேற்று வகுப்பு வாசலில் அக்கா காத்திருந்தார். சீருடையோடுதான் வந்திருந்தார்; அடுத்த நடைக்கு இருபது நிமிடம் இருந்தது. தங்கை நான்கு நாளாகப் பேசவில்லையாம். சாப்பாடு கொண்டுபோனால் கதவைத் திறப்பதில்லையாம். ‘நடுவரே ஊதிட்டாரே, அப்புறம் என்ன’ என்று உள்ளேயிருந்து ஒரே ஒருமுறை சொன்னாராம்.

“உங்க மேல கோபம் இல்ல தம்பி,” என்றார். “நான் வேணும்னு பண்ணல, அது எனக்குத் தெரியும். ஆனா கால் உள்ள போச்சா இல்லையான்னு எனக்கே தெரியல. நானும் பந்தைத்தான் பார்த்தேன். போயிருந்தா சொல்லுங்க, அவகிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன். போகலைன்னா அதையும் சொல்லுங்க, தலை நிமிர்ந்து மாடி ஏறுறேன்.”

“அறிக்கை எழுதிட்டிருக்கேன்கா,” என்றேன்.

அவர் தலையசைத்துவிட்டுப் பேருந்துக்கு நடந்தார். என் பதிலைப் பலமுறை திருத்திப் பார்த்துவிட்டேன். எப்படித் திருத்தினாலும் கோழைத்தனமாகவே இருக்கிறது.

5

முடிவு அ: பாதம் போனது. அக்கா மன்னிப்புக் கேட்கிறாள். கதவு திறக்கிறது.

முடிவு ஆ: பாதம் போகவில்லை. தங்கைதான் முன்னால் சாய்ந்து அக்காவின்மேல் இறங்கினாள். அவளே கதவைத் திறந்து அக்காவைக் கூப்பிடுகிறாள்.

இரண்டும் நன்றாக வந்திருக்கின்றன. அதுதான் பயமாக இருக்கிறது. இரண்டிலும் யாரோ ஒருத்தி செய்யாததைச் சுமக்கக்கூடும். இரண்டிலும் நடுவர் மட்டும் பார்த்தவராக இருக்கிறார்.

முடிவு இ எனக்கு எழுத வரவில்லை. அதில் இருவருமே நடந்தது எது என்று தெரியாமல் ஒரே வீட்டில், மாடிப்படிக்கு மேலும் கீழுமாக

வாசகரே, உங்களுக்கு ஒரு முடிவு தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள். அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீங்களும் பார்க்கவில்லை.

நாளை: வகுப்புக்கு விடுப்புச் சொல்ல வேண்டும். ஆறரைக்கு அந்த வீட்டுக்குப் போக வேண்டும். அக்காவையும் அழைத்துக்கொண்டு மாடி ஏறி, பார்க்காமல் ஊதினேன் என்று கதவுக்கு வெளியே நின்றாவது சொல்ல வேண்டும்.