ஈறு விலகிய தூரம்

…ஐந்து, ஏழு மில்லிமீட்டர் என்றாள் பல் டொக்டர் பிரஷாந்தினி, அடுத்த பல்லுக்கு நான்கு, ஆறு, பக்கத்தில் நின்ற நர்ஸ் அதைச் சிங்களத்தில் திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொண்டாள், வாயைத் திறந்தபடி சாய்ந்து கிடந்த கிருஷ்ணகுமாரிக்கு அவை தன் பற்களின் கணக்கு என்றே தோன்றவில்லை… கறுப்புக் கோடு போட்ட மெல்லிய கம்பி ஈறுக்குள் இறங்கி ஏறியது, பெரிதாக வலிக்கவில்லை, வலித்திருந்தால் எப்போதோ வந்திருக்க மாட்டாளா? தேங்காய்ச் சில்லைக் கடிக்கும்போது முன்பல் ஆடிய அன்றும் வலியில்லை, நாக்கால் தள்ளிப் பார்த்துவிட்டு ரப்பர் தோட்டத்து மலைக்குப் பால்வெட்டப் போய்விட்டாள், சாயங்காலம் கட்டாரிலிருந்து கணவர் ராமச்சந்திரன் வீடியோவில் வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டே பேசினாள், என்ன புள்ள புதுசா வெக்கம் என்று கேட்டார், வெக்கம் என்ற அந்த ஒரு சொல்லை நினைத்துக்கொண்டே எத்தனை நாள் ஓட்டினாள்… கல்யாணமான புதிதில் நிவித்திகல போகும் பஸ்ஸில் அவர் காதோரம் எதையோ சொல்ல, முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தவள்தானே, அந்தச் சிரிப்பு எப்போது போனது, பல் ஆடத் தொடங்குவதற்கு முன்னமேவா?

நாற்காலி நிமிர்ந்தது, கொப்பளித்துத் துப்பிய தண்ணீரில் சிவப்பு ஓடியது. பிரஷாந்தினி முகமூடியை இறக்கிக்கொண்டு, ஒரே வாயை இரண்டு விதமாக அளந்து எது நோயைச் சரியாகக் காட்டுகிறது என்று ஆராய்கிறோம் என்றாள். "ஒரு முறையில ஈறுக்குள்ள இருக்கிற பள்ளத்தோட ஆழத்த மட்டும்தான் பாப்போம் அக்கா, அதுப்படி ஒங்களுக்கு நடுத்தரம். மத்ததுல, ஈறு முதல்ல பல்லப் புடிச்சிருந்த எடத்துல இருந்து எவ்வளவு தூரம் விட்டு விலகியிருக்குன்னும் பாப்போம். அதுப்படி இது கடுமையான நோய்." அப்ப நான் எதுன்னு எடுத்துக்கிறது மிஸ் என்று கேட்டாள் கிருஷ்ணகுமாரி, எதுவானாலும் வைத்தியம் ஒன்றுதான், ஆழமாகச் சுத்தம் செய்தால் பல்லைக் காப்பாற்றப் பார்க்கலாம், சில தடவை வரவேண்டியிருக்கும், கூட வர ஆள் இருக்கிறதா என்றாள் டொக்டர். "எங்க வீட்டுக்காரரு இருக்காரு," என்று வாயில் வந்துவிட்டது, திருத்த மனம் வரவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது, ஆஸ்பத்திரி வாசல் கூரைக்கடியில் நின்று போனை எடுத்தாள்… நடுத்தரம் என்றால், மருந்து போட்டுக்க புள்ள, சரியாயிடும் என்பார், அதோடு பேச்சு முடிந்துவிடும், கடுமை என்றால்? கடுமை என்றால் ஊருக்கு வர லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை… அடச்சீ, என்ன நினைப்பு இது, கடுமை என்று டொக்டர் சொன்னபோது நெஞ்சுக்குள் குபுக்கென்று எழுந்ததே, அதைப் பயம் என்றல்லவா இவ்வளவு நேரம் நினைத்திருந்தாள், பயமா அது, ஆசையா? குரல் அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தாள், "என்னங்க, பல்லைக் காட்டினேன்," என்றாள், மழை பெரிதாகப் பெய்தது, விரலை எடுத்தால் செய்தி போய்விடும், எடுக்காமல் நின்றாள், அவர் முதலில் கேட்கப்போவது வலிக்குதா என்றுதான், இல்லை என்பதுதான் உண்மை, சொன்னால் லீவுப் பேச்சே வராது, அந்த உண்மையை அவரிடம் சொல்லத் தன்னால் முடியுமா…