கோப்பியஸ்

பக்தவத்சலம் சார் இன்று காலை எங்கள் ஃபிளாட் வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட வார்த்தை, கோப்பியஸ். ஆவடி ஃபேக்டரியிலிருந்து ரிட்டயர் ஆனதிலிருந்து, தினம் ஓர் இங்கிலீஷ் வார்த்தை கொடுத்து எங்களை முன்னேற்றாமல் ஓய்வதில்லை என்று இருக்கிறார். ஏராளம், தாராளம் என்று பொருளாம். லத்தீனில் கோப்பியா என்றால் வளமாம். எடுத்துக்காட்டு வேறு: டாக்டர் நோயாளியைக் கோப்பியஸ் அளவில் தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

வானகரத்தில் இந்தக் கோடையில் இப்படி எழுத ஒரு மனுஷனுக்குத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். போர்வெல் வற்றிவிட்டது. தண்ணீர் லாரி வந்தால் வாட்ச்மேன் மதுரைவீரன் மோட்டார் போட்டுவிட்டு அதே குரூப்பில் ஒரு வரி போடுவார். குழாயில் அரைமணி நேரம் வரும். பிடித்தால் உண்டு.

இன்று அப்பாவுக்கு முதல் வருஷத் திதி. பெண் பிள்ளை செய்வதாவது என்ற சித்தப்பாவிடம் சண்டை போட்டு வாங்கிய உரிமை. மதியத்துக்குள் தலைக்குக் குளித்து, சமைத்து, படையல் போட்டாக வேண்டும். தப்பு கண்டுபிடிக்கவே அவரும் வருகிறார்.

விடிந்ததிலிருந்து போனும் கையுமாக இருந்தேன். சூப்பர் சார், நன்றி சார், கும்பிடு, பூங்கொத்து. மூன்றாம் மாடி சிம்ரன் கோப்பியஸ் தேங்க்ஸ் என்று எழுத, அதற்கு சாருடைய தனிப் பாராட்டு. வெறுத்துப்போய் போனைக் கவிழ்த்துவிட்டு வீட்டைப் பெருக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டு பூங்கொத்துகளுக்கு நடுவே மதுரைவீரன்: மோட்டார் போட்டாச்சு. ஓடிப்போய்க் குழாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிடுவதென்று படியிறங்கி பக்தவத்சலம் சார் கதவைத் தட்டினேன்.

இடுப்பில் துண்டு, தலை முழுக்க சோப்பு நுரை, ஒரு கண் மூடியிருந்தது.

"மோட்டார் போட்டாங்களாம்மா?"

போட்டு, நிறுத்தியும் ஆயிற்று என்றேன்.

"எல்லாருக்கும் பதில் போட்டுகினு இருந்தேனா, பாக்கல."

உள்ளே அவர் போன் இன்னமும் டிங் டிங்கென்று நன்றிகளை வாங்கிக்கொண்டிருந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தேன். "அப்பா திதி சார், இன்னும் குளிக்கல" என்றுதான் வந்தது. கூடவே அழுகையும். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவர் உள்ளே போனார். பக்கெட் ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் வைத்தார். பாதிக்கும் கீழேதான் தண்ணீர்.

"எட்த்துகினு போம்மா. எனக்கு இன்னா, அடுத்த லாரி வந்தா ஊத்திக்கறேன்."

நுரை அடுத்த கண்ணிலும் இறங்கியது. இரண்டையும் இறுக மூடிக்கொண்டு, நிலைப்படியைத் தடவிப் பிடித்தபடி, நான் பக்கெட்டைத் தூக்கும் சத்தத்துக்காக நின்றார்.