பருத்த உண்ணி

முதல் உண்ணியைத் தலையணையில் பார்த்தபோது எள் என்று நினைத்தேன். எள் நகர்ந்தது.

அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய அந்த வீட்டுக்கு நான் வாழ்க்கைப்பட்டு நான்கு மாதம் ஆகியிருந்தது. வரதனுக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி ராஜகுமாரி ஒரு மாலை ஐந்து மணிக்குப் பால் கறக்க உட்கார்ந்தவள், அப்படியே பசுவின் காலடியில் சாய்ந்துவிட்டாளாம். நெஞ்சுவலி. பிறகு பசுக்களை விற்றுவிட்டு, கொட்டகைக்குத் தகரக் கதவு போட்டு மூடிவிட்டார்கள். அவள் வளர்த்த நாய் சுந்தரியும் ஏக்கத்தில் செத்துப்போனது என்று வரதன் சொல்லியிருந்தார்.

மாடு இல்லை, நாய் இல்லை. உண்ணி மட்டும் இருந்தது. சுவர் விரிசலில், கதவு நிலையில், என் புடவை மடிப்பில். எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் கொட்டகை.

பக்கத்து வீட்டில் இருந்த வரதனின் அக்கா தாட்சாயிணி என் கையில் இருந்த கடித்தடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நாங்க இத்தினி வருசமா கீறோம், எங்கள ஒண்ணும் பண்ணல. உன் ரத்தம் புச்சு, ருசியா கீது போல" என்று சிரித்தார். போகும்போது குரலைத் தாழ்த்தி, "அவ இன்னும் ஊட்ட உட்டுப் போவலம்மா" என்றார்.

முகப்பேரில் மூன்றாம் மாடியில் வளர்ந்தவள் நான். ஆவி பேய் என்றால் சிரிப்பேன். ஆனால் அன்று இரவு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் இது ஒழியாவிட்டால் அம்மா வீட்டுக்கே போய்விடுவேன் என்று வரதனிடம் சொன்னேன். திரும்பி வருவேனா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பெட்டியில் துணியை மட்டும் அடுக்கி வைத்தேன்.

கால்நடை டாக்டர் இருதயராஜ் வியாழக்கிழமை காலையில் வந்தார். ஒரு வெள்ளை வேட்டியைக் கேட்டு வாங்கி, கொட்டகையைச் சுற்றியிருந்த புல்மேல் மெல்ல இழுத்துக்கொண்டே நடந்தார். திருப்பிக் காட்டியபோது வேட்டி முழுக்கப் புள்ளிகள். புல்லை ஒட்ட வெட்ட வேண்டும், விரிசல்களைச் சிமெண்ட் வைத்து அடைத்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், மருந்து தெளிக்க வேண்டும், உள்ளே பழைய சாக்கு, துணி இருந்தால் கொளுத்திவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கொட்டகைச் சுவரில் ஒன்றைக் கண்டு நின்றார். ஆமணக்குக் கொட்டை போலப் பருத்து, சாம்பல் நிறத்தில் மினுமினுத்தது.

"பட்டினியா கெடக்கிற உண்ணி தட்டையா இருக்கும்மா. இது நேத்தோ முந்தாநேத்தோ வயிறு முட்டக் குடிச்சிருக்கு" என்றார். "இங்க யார் வந்து படுக்கிறாங்க?"

யாரும் இல்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை. எப்போதும் முன்னறையில் கதவைச் சாத்திக்கொள்பவள், அன்று லேப்டாப்பைச் சமையலறை ஜன்னலுக்குத் தூக்கி வந்தேன். நாலரை மணிக்கு ஏரிப் பக்கத்துச் சுற்றுச்சுவரின் உடைப்பில் முட்செடி அசைந்தது. எலும்பும் தோலுமாக ஒரு செவலை நாய் இறங்கி வந்து, தகரக் கதவின் அடியில் உடம்பை நுழைத்து உள்ளே போனது.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பசு கட்டியிருந்த முளைக்குப் பக்கத்தில், சாணிக் கறை படிந்த ஒரு பச்சைப் புடவைமேல் படுத்திருந்தது. காதுகளுக்குள் திராட்சைக் கொத்து போல உண்ணி. என்னைப் பார்த்துக் குரைக்கவில்லை. ஐந்து மணி ஆனதும் எழுந்து முளையைப் பார்த்து வாலை ஆட்டியது. சற்று நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தது. அந்த இடத்தில் யாரும் இல்லை.

வரதன் வந்ததும் சுந்தரி எந்த நிறம் என்று கேட்டேன். ஷூவைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"சாவல பிரியா. செத்தவளோட நாயி, புதுப் பொண்ணு வர ஊட்ல இருக்கக் கூடாதுன்னு அக்கா சொல்லிச்சு. பட்டாபிராம்ல ஒரு சேக்காளி ஊட்ல உட்டேன். ஒரே வாரத்துல ஓடிப்போச்சுன்னு போன் பண்ணான்." தரையைப் பார்த்தபடி சொன்னார். "நான் தேடல."

அவ்வளவு தூரம் அது நடந்தே வந்திருக்கிறது. நாங்கள் புதுத் திரைச்சீலை வாங்கியபோதும், சினிமாவுக்குப் போனபோதும், சுவருக்கு அந்தப் பக்கம் அது ஐந்து மணிக்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

சனிக்கிழமை டாக்டர் அதைப் பிடித்து ஒவ்வோர் உண்ணியாக இடுக்கியால் எடுத்து மாத்திரை கொடுத்தார். வரதன் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு புல் வெட்டினோம், மருந்து தெளித்தோம், விரிசல்களை அடைத்தோம், சுண்ணாம்பு அடித்தோம். ராஜகுமாரியின் பச்சைப் புடவையைக் கொளுத்தும் வேலையை அவரால் செய்ய முடியவில்லை. நான்தான் தீக்குச்சி கிழித்தேன். ஒருமுறை மட்டும், மனசுக்குள், அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஞாயிறு மாலை வேட்டியை இழுத்தேன். புல்லின் பச்சைக் கறை தவிர ஒரு புள்ளிகூட இல்லை. கொட்டகையில் அந்த முளைக்குப் பக்கத்தில் என் பழைய நூல்புடவை ஒன்றை நாலாக மடித்து விரித்தேன்.

சுந்தரி வந்தது. புடவையைச் சுற்றிச் சுற்றி முகர்ந்தது. படுக்கவில்லை. பக்கத்து வெறுந்தரையில், ஓர் ஆள் உட்காரும் இடத்தை விட்டுப் படுத்தது. ஐந்து மணிக்கு அதன் வால் தரையைத் தட்டியது. பார்வை என்மேல் இல்லை. மடித்த புடவைக்குச் சற்று மேலே, ஒரு முகம் இருக்க வேண்டிய உயரத்தில் நின்றது.

உண்ணி ஒழிந்தும் நான் தங்குவேன் என்று நம்பாதவர்போல வாசலில் என் பெட்டியோடு நின்ற வரதன், ஆட்டோ கூப்பிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டார்.

"வேணாங்க. சுந்தரிக்குத் தண்ணி கொண்டுவாங்க."

புடவையின் ஓரத்தில், மீதி இடத்தைத் தொடாமல் உட்கார்ந்தேன்.