லீலா வீட்டில் எடுத்த பேய்ப்படம்

சாயிரா பானு சமையலறையைப் பார்த்தாள், சன்னலுக்கு வெளியே ரயில் பாதையைப் பார்த்தாள், எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவள் கணவன் அர்ஃபான் கட்டிலை எந்தப் பக்கம் போடலாம் என்று கையால் அளந்துகொண்டிருந்தான். இந்தக் கிளமெண்டி அடுக்குமாடி வீடு இன்றைக்காவது கைமாறிவிடும் என்று லீலாவுக்கு நம்பிக்கை வந்த நேரத்தில்தான், அந்தப் பெண் பாம் ஷெல்டரின் இரும்புக் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டாள். குண்டு விழுந்தால் பதுங்க என்று வீட்டுக்குள்ளேயே கட்டியது, இப்போது அரிசி மூட்டையும் பழைய பெட்டிகளும் அடைந்து கிடக்கிற அறை.

"அக்கா, இது அந்தப் படத்துல வர்ற வீடுதானே? இந்தக் கதவு நீலமா இருந்துச்சுல்ல?"

கதவுக்கு வெள்ளையடித்தது வீண். லீலா கதவைத் திறந்து உள்ளே போய் நின்று, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அதைச் செய்திருக்கக் கூடாது. படத்தில் வீட்டுக்காரி அப்படித்தான் உள்ளே போவாள், திரும்பி வரமாட்டாள். அர்ஃபான் சிரித்து மழுப்பினான். பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லிக் கிளம்பினார்கள். அப்படிச் சொல்லிப் போன யாரும் இதுவரை திரும்பக் கூப்பிட்டதில்லை.

தமிழே தெரியாதவர்களுக்கு விற்றுத் தொலைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அரசாங்க அடுக்குமாடிகளில் ஒவ்வோர் இனத்துக்கும் இத்தனை வீடு என்று ஒதுக்கீடு உண்டு; அந்த புளோக்கில் சீனர், மலாய்க்காரர் ஒதுக்கீடு நிரம்பிவிட்டது, இனி இந்தியருக்குத்தான் விற்கலாம். வருகிறவர்கள் எல்லாரும் அவள் தம்பி ஆதவன் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

படம் மோசமா என்றால், முதல் பாதி நல்ல படம்தான். பெரிதாக ஒன்றும் நடக்காது. கம்பில் காயும் சேலை காற்றில்லாமல் அசையும். லிஃப்ட் வந்து நிற்கும், ஆள் இருக்காது. லீலாவே தன் வீட்டைத் திரையில் பார்த்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். இரண்டாம் பாதியில்தான் பவுடர் பூசிய பேய் வந்து, தன் சோகக் கதையை அழுது அழுது சொல்லித் தொலைத்தது. தியேட்டரே சிரித்தது. அதோடு மறந்திருந்தால் நிம்மதி. பேயை மறந்தார்கள், வீட்டை மறக்கவில்லை.

அதற்கும் அவளேதான் காரணம். வீடு அடையாளம் தெரியாமல் வாசலையும் உள்கதவையும் கருப்புத் துணி கட்டி மறைத்து எடுக்கிறோம் என்றுதான் ஆதவன் கேட்டான். சாமி மாடம் இருக்கிற வீட்டு வாசலில் கருப்பா என்று லீலா ஒரே பிடியாக மறுத்துவிட்டாள். அவளுடைய மாவிலைத் தோரணம், கோல ஸ்டிக்கர், நீலக் கதவு எல்லாம் அப்படியே படத்தில் ஏறிவிட்டன.

அப்பா நடேசன் நகரின் இன்னொரு பகுதியான தஞ்சோங் பகாரில் தனியாக இருக்கிறார். பக்கவாதம் வந்து ஒரு கை விளங்கவில்லை. போன வாரம் குளியலறையில் விழுந்து, மாலை அவள் வேலை முடிந்து போகும்வரை ஈரத்திலேயே கிடந்தார். அவர் புளோக்கிலேயே ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. இதை விற்றால்தான் அதை வாங்க முடியும். அந்த வீட்டுக்காரர் மாதக் கடைசிவரைதான் பொறுப்பேன் என்கிறார்.

மறுநாள் தேக்கா சந்தைச் சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னான் ஆதவன். தே தாரிக் டீ ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டான். இரண்டாம் பாகத்துக்குத் தயாரிப்பாளர் ஒத்துக்கொண்டாராம்.

"வீடு இன்னும் போகலதானேக்கா? ஒரு ரெண்டு வாரம் குடேன்."

லீலா கோப்பையைத் தள்ளி வைத்தாள். "உன் பேயப் பாத்து ஒருத்தரும் பயப்படலடா. என் வீட்டப் பாத்துதான் பயப்படறாங்க."

"அதான்க்கா, ரிவியூ எல்லாத்துலயும் அதையேதான் எழுதியிருக்காங்க. ஹவுஸ்தான் ஹீரோ லா."

பாராட்டாக எடுத்துக்கொண்டுவிட்டான். இவனிடம் கத்தி என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கு ஆயாசமாக இருந்தது. கைப்பையைத் திறந்து ஒரு சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"அப்பா வீட்டுச் சாவி. நாளைலேருந்து நீ போ. குளிப்பாட்டி, சாப்பாடு குடுத்து, நான் வர்ற வரைக்கும் கூடவே இரு. என் வீடு விக்கிற வரைக்கும்."

"அக்கா, எனக்கு ஸ்கிரிப்ட் வேலை..." என்று தொடங்கியவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். அப்பாவைக் குளிப்பாட்டுவது எப்படி என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து இரண்டு கல்லூரிப் பெண்கள் மேசையருகே வந்து, ஆதவன் சார்தானே, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். போனை லீலாவிடமே நீட்டினார்கள். வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

திரையில் மூவரும் தெரிந்தார்கள். பெண்கள் இருவரும் பேய்போலக் கண்ணை உருட்டி நாக்கை நீட்டினார்கள். நடுவில் ஆதவன் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, போனைப் பார்க்காமல் அவளையே மிரட்சியோடு பார்த்துக்கொண்டிருந்தான்.